மனையியல் வகுப்பில் பையன்கள்: அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பழைய பாடம்

[காட்சி: மேசை மீது இரண்டாக வெட்டி வைக்கப்பட்ட மஃபின்]

மஃபின் என்ற இந்தச் சிறு கேக்குக்குள் சுரங்கம் தோண்டியதுபோல் நீளமான ஓட்டைகள் தெரிகின்றன. மாவை அளவுக்கு மீறிக் கலக்கியதால், அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகியதன் அடையாளம் இது. மாவு நனைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும், கட்டிகள் இருந்தால் இருக்கட்டும் என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் மனையியல் வகுப்பில் தவறாமல் கற்பிக்கப்பட்ட பாடம். அதைக் கற்றவர்களில் பையன்களும் இருந்தார்கள்.

[காட்சி: பழைய பள்ளிச் சமையல் வகுப்பறை]

1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வேளாண்மை, தொழில், மனையியல் ஆகிய கல்விகளுக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. ஆனால் நடைமுறையில் பெண்கள் அடுப்புக்கும், பையன்கள் மரவேலை, உலோகவேலைப் பட்டறைக்கும் அனுப்பப்பட்டார்கள். இந்தப் பிரிவினைக்கு நடுவிலும் சில பள்ளிகள் பையன்களுக்கென்று தனிச் சமையல் வகுப்பு நடத்தின. பிற்காலத்தில் அவற்றுள் சில 'பேச்சிலர் லிவிங்' என்ற பெயரைத் தாங்கின. கல்யாணம் ஆகும்வரை சமாளித்தால் போதும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. பையன்களின் கூச்சத்தைப் போக்க வைத்த பெயர்தான் என்றாலும், எனக்கு அது சற்றுக் குறும்பாகவே படுகிறது.

பெயர் எதுவானாலும் வகுப்பறை ஒன்றுதான். ஒரே கூடத்துக்குள் அடுப்பும் தொட்டியும் மேடையுமாகப் பல சிறு சமையலறைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. இன்று கிளறியவர் அடுத்த முறை பாத்திரம் கழுவ வேண்டும். கோப்பையில் மாவைத் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்து அளப்பார்கள். கைப்பிடி, கண்திட்டம் என்பதற்கெல்லாம் இடமில்லை. மட்டமாக அளக்கும் இந்தப் பழக்கத்தை, 1896-இல் வெளிவந்த தம் சமையல் நூலின் மூலம் பரவலாக்கியவர் அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர். ஒரு கோப்பைப் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி மாவு என்றால் நடுத்தரப் பதத்தில் வெள்ளை சாஸ் வரும். ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டியானால் நீர்த்துவிடும். பட்டறையில் பலகையை அளந்து அறுத்துப் பழகிய பையனுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருந்திருக்காது.

[காட்சி: 1972, 1975 என்ற எண்கள்]

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் 'டைட்டில் நைன்' என்ற பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. 1975 ஜூலை 21 அன்று நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், ஆண் பெண் எனப் பிரித்து நடத்தக்கூடாத பாடங்களுள் மனையியலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன. அதன் பிறகு, பையன் என்பதற்காக ஒருவனை மனையியல் வகுப்பிலிருந்து விலக்க முடியவில்லை. பையன்களுக்கு மட்டுமென்று நடந்துவந்த பேச்சிலர் வகுப்பும் அதே விதியால் பெண்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.