ஏற்காடு ஏறும் ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது

(காட்சி: அதிகாலை. கோரிமேட்டில் ஒரு வீட்டு முற்றம். நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும் கார். பின்னணியில் மலை.)

மணி ஐந்தே முக்கால். சேர்வராயன் மலை இன்னும் கருநீலமாகத்தான் தெரிகிறது. இவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்குச் சுறுசுறுப்பு காரணமல்ல. இன்றைய வேலையில் வெப்பநிலைக்குப் பெரிய பங்கு உண்டு. சேலத்துச் சித்திரையில் பத்து மணிக்கு மேல் இதைத் தொடங்கினால் அளவு தவறிப்போகும். எப்படி என்று அந்த இடம் வரும்போது காட்டுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கார் எந்த வகை ஆட்டோமேட்டிக்? கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்த ஏஎம்டி, உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவே. அதற்கு மேனுவல் கியர் ஆயில். சிவிடி வேறு, அதில் பல்சக்கரங்களுக்குப் பதிலாக ஒரு எஃகுப் பட்டை இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடுகிறது. அதன் ஆயில் தனி. இரண்டு கிளட்சுகளோடு வரும் டிசிடி இன்னொரு இனம். இந்த வீடியோ டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். ஒன்றின் ஆயிலை மற்றொன்றில் ஊற்றினால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டி வரலாம். கையேட்டைத் திறந்து வகையை உறுதி செய்துகொண்டு மேலே பாருங்கள்.

(காட்சி: மண்சட்டி, மத்து, மோர்.)

டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன? மோர் கடையும்போது சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? மத்து சுழலச் சுழல, மோர் சுழன்று, சட்டியும் மெல்லச் சேர்ந்து சுழலும். மத்துக்கும் சட்டிக்கும் நேரடிப் பிணைப்பு எதுவும் இல்லை. நடுவில் இருப்பது மோர் மட்டுமே. எஞ்சின் மத்து, கியர்பாக்ஸ் சட்டி, நடுவில் நம் ஆயில். மத்தின் வேகத்துக்கும் சட்டியின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வீணாகும் சக்தி சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது உள்ளே ஒரு கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடு குறைவு. ஏற்காட்டுப் பாதையில் அந்தப் பூட்டு நிலைப்பதில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நான்கு பேரையும் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு 1,200 மீட்டர் உயரம் மெதுவாக ஏறுகிறோம். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைகிறது, பூட்டு விடுகிறது, மோர் சுடுகிறது. எண்ணெய்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

இப்போது 'ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்ற வாசகத்துக்கு வருவோம். யாருடைய ஆயுள் என்று நான் கேட்பதுண்டு. சில நிறுவனங்களின் கையேட்டில் அப்படி எழுதியிருக்கும். பல கையேடுகளில் 'கடினமான பயன்பாடு' என்றொரு தனிப் பட்டியலும் இருக்கும். மலைப்பாதை, கடும் வெயில், நின்று நின்று நகரும் நெரிசல் என்று அதில் வரும். படித்தால் சேலம் ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் யாரோ நம்மோடு உட்கார்ந்து வந்து எழுதியதைப் போல இருக்கும். மாதம் இருமுறை மலை ஏறும் என் காருக்கு 40,000 கிலோமீட்டரை எல்லையாக வைத்திருக்கிறேன். இது என் முடிவு. உங்களுடையது கையேட்டின் கடினப் பட்டியலைப் பார்த்து எடுக்கப்பட வேண்டும்.

(காட்சி: சிவப்பு நிற ஆயில், கண்ணாடிக் குவளையில்.)

ஆயில் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஆயிலா இதுவா என்று அடையாளம் காணச் சேர்ப்பது. கையேட்டில் உள்ள தரக் குறியீடு எழுத்துக்கு எழுத்து டப்பாவில் இருக்க வேண்டும். உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது கவ்வ வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த ஆயிலில் உள்ள வேதிப்பொருள்கள்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் 'டைப் ஏ' என்ற முதல் தரத்தைக் கொண்டுவந்தது. பிற்பாடு இந்தக் கவ்வும் குணத்துக்காக எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? திமிங்கல எண்ணெயை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திமிங்கலப் பொருட்களுக்குத் தடை வந்ததும் அதற்கு ஈடான ஒன்றைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டார்கள். இதைச் சொன்னால் என் அம்மா நம்புவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். நம் ஊர் முற்றங்களில் மழைநீர் வடியக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். என் வீட்டில் வாசலை நோக்கிச் சரிகிறது. இந்தச் சரிவில் வண்டியை நிறுத்தி ஆயில் அளவு பார்த்தால் அது பொய் சொல்லும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் இன்னும் பெரிய பொய். நான்கு சக்கரங்களையும் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கதவின் கீழ்ப்படியில் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை உயரத்தைச் சரிசெய்திருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. நகரும் இளகிய மண் தரையிலும் இந்த வேலை வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால், தெரிந்த வாட்டர் சர்வீஸ் கடையில் முதல் வண்டி வருவதற்கு முன் ரேம்ப் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

(காட்சி: வண்டியின் அடிப்பகுதி. இரண்டு போல்ட்டுகள்.)

இதோ இரண்டு போல்ட்டுகள். பக்கவாட்டில் இருப்பது ஊற்றும் வழி. அடியில் இருப்பது வடிக்கும் வழி. எதை முதலில் திறப்பீர்கள்?

நான்கு வருடத்துக்கு முன் நான் அடியில் இருப்பதைத் திறந்தேன். ஆயில் அழகாக வடிந்தது. பிறகு ஊற்றும் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தால், அசையவே இல்லை. குழாய் போட்டு நெம்பினேன். போல்ட்டின் தலை உருண்டு போயிற்று. கார் காலியான கியர்பாக்ஸோடு மூன்று நாள் முற்றத்தில் நின்றது. கடைசியில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த வயதான மெக்கானிக் வண்டியைக் கூடப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். "உள்ளே விடும் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் வெளியே விடலாமா தம்பி?" என்றார். அவர் அதை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. சொன்ன கூலி குறைவுதான். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஊற்றும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். அது திறக்கவில்லையென்றால் இன்றைக்கு வேலை இல்லை. ஆயில் உள்ளேயே இருப்பதால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். திறப்பதற்கு முன் சுற்றியுள்ள தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்துவிடுங்கள். கருப்பூர் மாக்னசைட் சுரங்கப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளின் அடியில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். அதில் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது.

இப்போது வடிக்கலாம். வண்டி இரவு முழுவதும் நின்றதால் ஆயில் கையைச் சுடாது. ஓடி வந்த உடனே திறந்தால் 80, 90 டிகிரி ஆயில் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடும்.

சில கியர்பாக்ஸ்களில் போல்ட்டைக் கழற்றியதும் அரை டம்ளர்கூட வராமல் நின்றுவிடும். காலி என்று பதற வேண்டாம். அந்தத் துளைக்குள் சிறிய குழாய் ஒன்று நிற்கிறது. அளவு பார்ப்பதற்கான வழிநிலைக் குழாய், அதன் உயரத்துக்கு மேல் உள்ள ஆயில் மட்டும் இதன் வழியே வழியும். அதை அறுகோணச் சாவியால் கழற்றினால்தான் மீதி இறங்கும். திரும்ப மாட்ட மறந்தால் பிறகு அளவே பார்க்க முடியாது.

(காட்சி: அளவுக் கோடிட்ட பிளாஸ்டிக் ஜாடி.)

வடிந்ததைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடாதீர்கள். அளவு பாருங்கள். பனங்காட்டிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. அதே கறார் இங்கேயும் வேண்டும். எனக்கு வந்தது 3 லிட்டர் 500 மில்லி. நாற்பது நிமிடம் சொட்டவிட்ட பிறகு.

என் கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர். மீதிப் பாதி எங்கே? டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. அதை வடிக்க அடியில் வழி கிடையாது. அதனால் ஒருமுறை மாற்றினால் பாதி புதியது. ஓட்டிக் கலக்கவிட்டு மறுபடி மாற்றினால் பழையது கால் பங்கு. மூன்றாம் முறை அரைக்கால். இயந்திரம் வைத்து ஒரேயடியாக அழுத்திக் கழுவித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். பல வருடம் மாற்றாத கியர்பாக்ஸில் அந்த அழுத்தம் அடங்கிக் கிடந்த கசடைக் கிளப்பி வால்வுகளுக்குள் கொண்டுபோய்விடும் என்பது என் பயம். எனக்கு இந்த மெதுவான வழியே போதும்.

வடிந்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். பழுப்பாக மாறியிருந்தால் வயது. கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸின் அடித்தட்டை (ஆயில் பான்) கழற்றினால் உள்ளே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல நுண்ணிய தூள் ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் துணுக்குகள் கிடைத்தால் நிறுத்திவிட்டு நல்ல பட்டறைக்குப் போங்கள். ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டியைப் புது ஆயில் குணப்படுத்தாது. 'ஆயில் மாற்றியதும் கெட்டது' என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில் அது முன்பே கெட்டிருந்தது.

வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர். கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்ச். கியர்பாக்ஸ் உறை அலுமினியக் கலவை. நம் தோள்பலத்தை அங்கே காட்டினால் மரை போய்விடும்.

இப்போது 3 லிட்டர் 500 மில்லி புது ஆயிலைக் கைப்பம்பால் ஏற்றுகிறேன். வந்ததே போகிறது. ஆனால் பழைய அளவே குறைவாக இருந்திருந்தால்? அதற்குத்தான் கடைசிச் சோதனை. விடியற்காலையில் எழுந்ததும் அதற்குத்தான்.

(காட்சி: காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இணைத்த கைபேசித் திரை. ஆயில் வெப்பநிலை 31 டிகிரி.)

இந்த ஆயில் சூட்டில் விரியும். 7 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் 300 மில்லி பெருகும். ஒரு பெரிய டம்ளர். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளவு பார்க்கச் சொல்கிறார்கள். என் காருக்கு 35 முதல் 45 டிகிரிக்குள். உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள்.

இப்போது புரிந்திருக்கும். சித்திரை மத்தியானத்தில் வெளியே நிற்கும் வண்டியின் ஆயில், எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே 40ஐ நெருங்கிவிடும். இயக்கி, கியர்களை மாற்றி, அடியில் போய்ப் படுப்பதற்குள் 50 தாண்டியிருக்கும். ஆயில் விரிந்து வழியும். நிறைந்துவிட்டது என்று நினைத்து மூடுவோம். உண்மையில் அது குறைவு.

எஞ்சினை இயக்குகிறேன். தம்பி உள்ளே பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பி, ஆர், என், டி. ஒவ்வொன்றிலும் சில நொடிகள், பிறகு திரும்ப பி. சக்கரம் தரையில் இல்லாததால் வேகம் கொடுக்கக் கூடாது, பிரேக்கிலிருந்து கால் எடுக்கக் கூடாது. இதெல்லாம் முடியும்வரை நான் வண்டிக்கு வெளியேதான். பி-யில் நின்று கைப்பிரேக்கும் போட்ட பிறகே அடியில் கை நீட்டுகிறேன்.

34. 36. 38. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, அடியில் உள்ள வடிக்கும் போல்ட்டைத் திறக்கிறேன். வழிநிலைக் குழாய் உள்ளே இருப்பதால் அளவு பார்க்கும் வழியும் இதுவே. ஒன்றும் வரவில்லை. பழைய அளவு குறைவாகத்தான் இருந்திருக்கிறது. மேலே பம்பால் கொஞ்சம் கொஞ்சமாக, 200 மில்லி. இதோ, மெல்லிய நூலாக வடிகிறது. நூல் அறுந்து சொட்டாகும்வரை காத்திருந்து, 41 டிகிரியில் மூடுகிறேன். முதலில் ஏற்றிய 3,500, இப்போது 200. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

(காட்சி: ஏற்காட்டு ஏரிக் கரையில் நிற்கும் கார்.)

அதே நாள் மாலை மலைக்கு ஓட்டிவந்தேன். ஏறும்போது டி-யில் விட்டுவிடாமல் கைமுறைக்கு மாற்றி இரண்டாம், மூன்றாம் கியரில் பிடித்து ஓட்டினால் பெட்டி ஓயாமல் கியர் தேடி அலையாது, சூடும் குறையும். இறங்கும்போதும் அப்படியே, பிரேக்குக்கு இளைப்பாறல். மேலே வந்ததும் இரண்டு போல்ட்டுகளையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை.

வடித்த மூன்றரை லிட்டர் பழைய ஆயில் இன்னும் டப்பாவில் இருக்கிறது. வாசல் சாக்கடையில் ஊற்றினால் அது திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். இந்த மலையில் பிறந்து சேலத்தைக் கடந்து காவிரியில் சேரும் ஆறு அது. கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் நாளை கொடுக்கப்போகிறேன். தேதி, கிலோமீட்டர், 3,700 மில்லி என்று எழுதிய சீட்டைப் பானட்டின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. இரண்டாம் முறை வடிப்பது இன்னும் பதினைந்து நாளில், அதே ஐந்தே முக்கால் மணிக்கு.