வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும்: நம் பதிவுகளை எவ்வளவு நம்பலாம்?

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும், சமூகப்பணி பயிலும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் ஒரு கேள்வி கேட்டது. நாட்டிலுள்ள குழந்தைகள் இல்லங்களில் சுமார் 4.73 லட்சம் குழந்தைகள் இருப்பதாக 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. 2018 மார்ச்சில் அரசு தாக்கல் செய்த கணக்கிலோ சுமார் 2.61 லட்சம் பேர்தான் இருந்தார்கள். மீதி இரண்டு லட்சம் குழந்தைகள் எங்கே என்பதே கேள்வி. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதைப் பற்றி 2007இல் தொடுக்கப்பட்ட வழக்கில்தான் இது எழுந்தது என்பதால், நமக்கு இது அயலூர்ச் செய்தியாகாது. இரண்டு லட்சம் பேரும் காணாமல் போய்விட்டார்கள் என்று நான் கருதவில்லை. சிலர் வீடு திரும்பியிருக்கலாம். சில இல்லங்கள் மூடப்பட்டிருக்கலாம். சிலர் இரண்டு இல்லங்களில் எண்ணப்பட்டிருக்கலாம். இவற்றுள் எது எத்தனை என்று எவராலும் சொல்ல முடியவில்லையே, அதுதான் என்னை உறுத்துகிறது.

வேலை முடிந்தபின் மேலிடத்துக்கு அனுப்பும் தாள் என்றே புள்ளிவிவரத்தை நாம் நினைத்துப் பழகிவிட்டோம். தத்தெடுப்பில் அப்படி நினைக்க இடமில்லை. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின், அதாவது நாம் 'காரா' என்று அழைக்கும் அமைப்பின், 'கேரிங்ஸ்' இணையதளத்தில் ஒரு குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் ஏறாதவரை, காத்திருக்கும் எந்தப் பெற்றோரின் கண்ணுக்கும் அந்தக் குழந்தை தெரியாது. சட்டம் மற்றும் நீதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் அளித்த அறிக்கையின்படி, 2021 டிசம்பரில் 27,939 பெற்றோர் பதிவு செய்து காத்திருந்தார்கள். இல்லங்களில் இருந்தவர்களுள் தத்துக்கு உரியவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996 பேர். அவர்களில் சட்டப்படி தத்துக்குத் தகுதியானவர்கள் என்று, குழந்தைகள் குறித்து முடிவெடுக்கும் சட்டப்பூர்வ அமைப்புகளான குழந்தைகள் நலக் குழுக்கள் அறிவித்திருந்தது 2,430 பேரை மட்டுமே. இடைப்பட்ட நான்கரை ஆயிரம் குழந்தைகளில் பலருக்கு நியாயமான சட்டக் காரணம் இருந்திருக்கும். ஆனால் முடிக்கப்படாத விசாரணை அறிக்கைக்காகவும் நிரப்பப்படாத ஒரு கட்டத்துக்காகவும் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நம் பதிவுகளால் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

ஒரு தேதி என்ன செய்யும் என்று பாருங்கள். கைவிடப்பட்ட நிலையில் கிடைக்கும் குழந்தையின் வயதை மருத்துவர் மதிப்பிடுகிறார். அந்த மதிப்பீடே பிறகு பிறப்புச் சான்றிதழாகிறது. இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் தகுதி அறிவிப்பு வர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விண்ணப்பிக்கும் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டக்கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை அது 90. ஆகவே அவசரத்தில் இடப்பட்ட ஒரு பிறந்த தேதி, குழந்தை எந்தப் பெற்றோரின் வரிசையில் நிற்கும் என்பதையே மாற்றிவிடும். அப்படியிருந்தும், மதிப்பிட்ட தேதிக்கும் ஆவணத்தில் கண்ட தேதிக்கும் வேறுபாடு காட்டாமல் ஒரே கட்டத்தில் எழுதுகிறோம். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சிறு குறி போதும்.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பார்வையாளர் பதிவேடு. நீண்ட காலமாக எவரும் வந்து பார்க்காத குழந்தைகளையும் இன்று தத்தெடுப்புக்குப் பரிசீலிக்கிறார்கள். இல்லத்திலேயே வளர்ந்து பெரியவர்களாகும் குழந்தைகளுக்குக் குடும்பம் கிடைக்க வேண்டும் என்ற அந்த நோக்கத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் கரும்பும் பழமுமாக வந்து, வாசலிலேயே அரைமணி நேரம் பேசிவிட்டுப் போகும் தாய்மாமனின் பெயரை யாரும் எழுதவில்லை என்றால், அந்தக் குழந்தை 'யாரும் வராத குழந்தை' ஆகிவிடுகிறது. கைபேசியில் மாதம் இருமுறை பேசும் பாட்டிக்குப் பதிவேட்டில் கட்டமே இல்லை என்றால் அவரும் இல்லாதவர் ஆகிறார். மறுபுறம், ஆண்டுக்கணக்கில் யாரும் வராதபோதும் முந்தைய மாதத்தின் பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதிவைத்தால், குடும்பம் கிடைக்க வேண்டிய குழந்தை இல்லத்திலேயே தங்கிவிடுகிறது. ஒரு பதிவேடு இரண்டு திசையிலும் தவறலாம். இரண்டுக்கும் விலை கொடுப்பது குழந்தைதான்.

அடுத்தது பெயர். நம் மாநிலத்துக்கே உரிய சிக்கல் இது. தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் கவிதாவை ஆங்கிலத்தில் இருவர் இருவிதமாக எழுதுகிறார்கள்; ஒருவர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறார், மற்றொருவர் முழுப்பெயரைப் பின்னால் போடுகிறார். குழந்தை ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் கணினியில் இரண்டு குழந்தைகள் உருவாகிவிடுகிறார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முதல் ஆணையிலேயே ஓர் எண் கொடுத்து, எந்த இல்லத்துக்குப் போனாலும், வளர்ப்புக் குடும்பத்துக்கே போனாலும், அந்த எண் கூடவே போகவேண்டும். தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலும் பதிவதற்குத் தளத்தில் இடம் வேண்டும்.

தத்துக் கொடுக்காமல் குழந்தையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளரவிடும் வளர்ப்புப் பராமரிப்பின் நிலைமை இன்னும் மங்கலானது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பையும், 45ஆம் பிரிவு நிதி ஆதரவையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. சொந்தத் தாயுடன் இருக்கும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுப்பது ஒன்று. உறவில்லாத குடும்பத்தில் ஒரு குழந்தையை ஒப்படைப்பது முற்றிலும் வேறு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இரண்டுக்கும் அதே தொகை என்பதால், 'இல்லம் சாரா பராமரிப்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் கூட்டிச் சொல்லிவிடுகிறோம். வேறொரு குடும்பத்தில் வாழும் குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை முறை குடும்பம் மாற்றப்பட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கூட்டுத்தொகையில் மறைந்துவிடுகிறது. தத்தெடுப்பிலும் இதுபோல் ஒரு பெரிய இடைவெளி உண்டு. 2024-25இல் 4,515 தத்தெடுப்புகள் என்று காரா அறிவித்தது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் உள்நாட்டில் தத்துப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் குழந்தைகள் அதில் அடங்கமாட்டார்கள்.

பிற நாடுகளும் இந்தத் தடுமாற்றத்தைக் கடந்துதான் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் மாநிலங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டாட்சி அரசுக்கு இவ்விவரங்களை அனுப்பும் 'ஆஃப்கார்ஸ்' முறைக்கு 1993இல் விதி வகுத்தார்கள். குழந்தை முதன்முதல் எப்போது குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டது, கடைசியாக எப்போது, இப்போது எங்கே இருக்கிறது என்பவற்றை அந்தப் பழைய முறை கேட்டது. நடுவில் நடந்தவை வெறும் எண்ணிக்கையாக நின்றன. 2022 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பிரிவும், ஒவ்வோர் இடமாற்றமும் தேதியோடு பதிவாகின்றன. ஒருநாள் கணக்கிலிருந்து ஒரு குழந்தையின் வரலாற்றுக்கு வந்துசேர அவர்களுக்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. நாம் புதிதாகக் கட்டும்போதே அந்த வடிவத்தில் கட்டலாமே.

பணியாளர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. பகலெல்லாம் குழுமுன்பும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அலைந்துவிட்டு, இரவில் நினைவிலிருந்து கட்டங்களை நிரப்பும் சமூகப் பணியாளரிடம் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவர் 'தெரியவில்லை' என்று எழுத அஞ்சக்கூடாது. தெரியாததற்கு 'இல்லை' என்று குறித்தால்தான் தளம் அடுத்த பக்கத்துக்குப் போகும் என்றால், ஊனமுள்ள குழந்தை ஊனமற்றதாகவும், உடன்பிறந்தோர் உள்ள குழந்தை ஒற்றைக் குழந்தையாகவும் பதிவாகும். தம்பியும் அக்காவும் வெவ்வேறு ஊர்களுக்குத் தத்துப் போவதற்கு அதுவே போதும். மாதம் ஒருமுறை, பதிவேட்டையும் தளத்தையும் இல்லத்தில் உண்மையில் இருக்கும் குழந்தைகளையும் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆளும் நேரமும் கொடுங்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது என்பது கணக்கை மறைப்பதற்குச் சாக்காக வேண்டாம். பெயர் இல்லாத, மாவட்டவாரியான எண்ணிக்கையை வெளியிட அது தடையாகாது.

பதினெட்டு வயதைத் தாண்டிய தத்துப் பிள்ளைகள் தங்கள் வேரைத் தேட விதிமுறைகள் வழிசெய்திருக்கின்றன. வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் நடுவயதில் தமிழ்நாட்டுக்கு வந்து பழைய கோப்பைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு நாம் கொடுக்க முடிவது, யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த இரண்டு வரிகள்தான். எனவே ஓர் இல்லம் மூடப்படும் நாளில் அதன் பதிவேடுகள் எடைக்குப் போகாமல், பட்டியலிட்டு, கையொப்பம் பெற்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் ஒப்படைக்கப்படுவதை உறுதி செய்யும் ஆணை ஒன்று வேண்டும். இங்கே வந்திருக்கும் அலுவலர்களிடம் இன்று நான் முதலில் கேட்பது இதைத்தான்.