படைச்ச பொங்கல், நோன்பு திறப்பு, நம்பிக்கையில்லாத நண்பர்: நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு நேயர் அனுப்பினது: "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நெருங்கின நண்பர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் பெந்தெகொஸ்தே சபை. எங்க அம்மா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை ரெண்டு பேருமே சாப்பிடலை, அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். ரமலான்ல நண்பரை நோன்பு திறக்க வீட்டுக்குக் கூப்பிடணும்னு ஆசை. நம்பிக்கை இல்லாத நான் கூப்பிட்டா அது நடிப்பு ஆகாதா?"

முதல்ல பொங்கல். அம்மா மேல அவங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. படைச்சதுங்கறதுதான் தடை. பைபிள்ல பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 10ஆம் அதிகாரத்துல, விருந்துக்குக் கூப்பிட்டா வைக்கிறதை விசாரிக்காம சாப்பிடலாம், ஆனா 'இது படைச்சது'ன்னு ஒருத்தர் சொல்லிட்டா சாப்பிட வேண்டாம்னு இருக்கு. குர்ஆன் 5:3 வசனம் அல்லாஹ் அல்லாத பெயரால அறுத்ததை விலக்குது. அதை ஒட்டிப் பல முஸ்லிம்கள் படைச்ச பண்டத்தையும் தொடறதில்ல. சாப்பிடறவங்களும் இருக்காங்க. அதனால மதத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஆளைக் கேளுங்க.

படைக்கறதுக்கு முன்னாடி தனியா எடுத்து வச்சாப் போதும்னு சொல்வாங்க. மத்த பண்டிகைக்கு அது பெரும்பாலும் சரி. பொங்கலுக்குப் பத்தாது, ஏன்னா வாசல்ல வைக்கிற பானையே சூரியனுக்குன்னுதான் ஏத்தறோம். உள்ளே குக்கர்ல தனியா வைங்க: ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒன்றரை டம்ளர் வெல்லம். கொடுக்கும்போது 'இது படைக்காதது'ன்னு அம்மாவே சொல்லட்டும். படைச்சதைச் சொல்லாம கொடுக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால தெரிஞ்சா அந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கக்கூட அவருக்குத் தயக்கம் வந்துடும்.

நடிப்பாங்கறதுக்கு வர்றேன். பெரியார் கடவுள் மறுப்பாளர், ராஜாஜி ஆழ்ந்த பக்தர். 1953ல ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வின்னு சொல்லிப் பெரியார் கடுமையா எதிர்த்தார். எதுலயும் ரெண்டு பேரும் மழுப்பல. ஆனாலும் 1949ல தன் சொந்த வாழ்க்கையில பெரிய முடிவு எடுக்கற நேரத்துல பெரியார் திருவண்ணாமலையில ராஜாஜியைப் போய்ப் பார்த்தார். 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்போ, தொண்ணூறு தாண்டின வயசுல சுடுகாட்டுக்கே போனார். நீங்களும் கொள்கையை விட வேண்டியதில்ல. நோன்பு இருக்கற மாதிரி காட்டிக்க வேண்டாம், துஆ, அதாவது பிரார்த்தனை, ஓத வேண்டாம். பசியோட வர்ற நண்பருக்குச் சாப்பாடு போடறீங்க, இதுல எங்கே நடிப்பு?

இனி நோன்பு திறப்பு. நாலஞ்சு நாள் முன்னாடியே கேட்டுடுங்க. கடைசிப் பத்து நாள் இரவு வணக்கம் அதிகம், அதைத் தவிர்த்தா நல்லது. மஃரிப், அதாவது சூரியன் மறைஞ்சதும் வர்ற தொழுகை நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடி அவர் உங்க வீட்டுக்குள்ள இருக்கணும். இங்கதான் பலரும் தவறறாங்க. பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொன்ன பிறகுதான் வடை சுட ஆரம்பிப்பாங்க. நேரம் ஆனதும் தாமதிக்காம திறக்கணும், அதனால பேரீச்சம்பழம், தண்ணி, கஞ்சி எல்லாம் முன்னாடியே மேசையில இருக்கட்டும். அப்பவே பிரியாணியை வைக்காதீங்க. மூணு பழம், தண்ணி, கொஞ்சம் கஞ்சி, உடனே தொழுகை. அதுக்கப்புறம்தான் சாப்பாடு.

கறின்னா ஹலால் கடையில வாங்குங்க, சந்தேகம்னா சைவமே சமைங்க. ஜெல்லி, புட்டிங்ல விலங்குகள்ல இருந்து எடுக்கற ஜெலட்டின் இருக்கலாம், பாக்கெட்டைப் படிங்க. அன்னைக்கு மது பாட்டில் எதுவும் கண்ணுல படக் கூடாது.

தொழ ஒரு சுத்தமான விரிப்பு, எதிர்ல படம் இல்லாத சுவர். தமிழ்நாட்டுல கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழற திசை, மேற்குல இருந்து சற்றே வடக்கே, போன்லயே பார்த்துக்கலாம். ஒளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவ, குழாய், ஒரு துண்டு. தொழும்போது டிவியை நிறுத்துங்க, குறுக்கே நடக்காதீங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஒண்ணு விட்டுப்போச்சு. கூட வர்ற பெண்கள் யாராவது நோன்பு இல்லைன்னா ஏன்னு கேட்காதீங்க. மாதவிடாய் நாள்ல நோன்பு கிடையாது, நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் இன்னும் கொஞ்சம் இருங்கன்னு பிடிச்சு வைக்காதீங்க, இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பிறகு, ரமலான்ல மட்டும் தொழற தராவீஹ் தொழுகைக்கு அவர் போகணும்.