வீட்டோட மாப்பிள்ளைக்கு கதவோரம் ஒரு பந்தம்: கண்டி ராச்சியத்துல சொத்து யாருக்கு?

[திரையில்: லங்காதிலக விகாரை, பாறைக் கல்வெட்டு]

பேராதனைக்கு கிட்டதான் இந்த லங்காதிலக விகாரை, கண்டி ராச்சியத்துக்கு முந்தின கம்பளை ராச்சியம் இருந்த காலம், 1344ல கட்டினது. பாறைல சிங்களத்துலயும் தமிழ்லயும் வெட்டியிருக்காங்க பாருங்க, ஆமா தமிழ்லயும்தான், கோயிலுக்கு குடுத்த காணி விவரமெல்லாம் அதுல இருக்கு. அந்தக் காலத்துல சொத்துன்னாலே காணிதான்.

ஆனா சும்மா கிடைக்காது. வயல் வேணுமா, அதுக்குரிய ராஜகாரியத்த, அதாவது ராசாவுக்கோ கோயிலுக்கோ செய்ய வேண்டிய ஊழியத்த செய்யணும், ஒருத்தர் பானை செஞ்சு குடுப்பாரு, ஒருத்தர் மேளம் அடிப்பாரு, அப்பா செஞ்ச வேலையும் வயலும் சேர்ந்தேதான் மகனுக்கு வரும், வேலைய விட்டா வயலும் போச்சு. 1833லதான் வெள்ளைக்காரன் இத நிப்பாட்டினான், கோயில் காணில அதுக்கப்புறமும் ஓடுச்சு.

இப்ப பொம்பள புள்ளைங்க விசயத்துக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இதுதான். கண்டிய வழக்கத்துல கல்யாணம் ரெண்டு விதம், ஒண்ணு 'தீக', இன்னொண்ணு 'பின்ன'. தீக கல்யாணம்னா பொண்ணு புருசன் வீட்டுக்கு போயிரும், சீதனத்த வாங்கிட்டு அப்பா காணில பங்கு இல்லன்னு ஆயிரும். 'பின்ன' கல்யாணம்னா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவாரு, அவளுக்கு அண்ணன் தம்பி மாதிரியே பங்கு உண்டு. போன பொண்ணும் பிறந்த வீட்டோட தொடர்ப விடாம, ஒரு புள்ளைய அங்கயே வளர விட்டாகூட உரிமை கேக்கலாம்.

[திரையில்: கைத்தடி, தாளிப்பனை ஓலை, பந்தம்]

வந்த மாப்பிள்ளை நிலம தான் பாவம். கைத்தடி, மழைக்கு புடிக்க தாளிப்பனை ஓலை, ராத்திரிக்கு பந்தம், இந்த மூணையும் அறை வாசல்லயே ரெடியா வச்சுக்கணும்னு சொல்வாங்க, ஏன்னா போடான்னா நடுராத்திரி மழைனாலும் கெளம்பணும். நம்ம ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைய கிண்டல் பண்றவங்க இத கேட்டா என்ன சொல்வாங்களோ.

அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பொண்ண கட்டுறதும் இருந்துச்சு, வயல் துண்டு துண்டா போகக்கூடாதுன்றது அதுக்கு ஒரு காரணம். 1859ல சட்டம் போட்டு தடுத்தாங்க.

தோட்டத்து லயத்து ஆளுங்க நமக்கு இந்த கண்டிய சட்டம் இல்ல, பொதுச் சட்டம்தான், குடியிருக்கிற காம்பராவே தோட்டத்து பேர்ல இருந்தப்ப எத பங்கு போடுறது? ஆனா கண்டிச் சிங்கள ஆளுங்க அவங்க சட்டப்படி கல்யாணம் பதிஞ்சா 'தீக'வா 'பின்ன'வான்னு இன்னைக்கும் எழுதணும். எழுதலன்னா தீகன்னுதான் எடுத்துக்குவாங்க.