தாளம் சொன்னது, பென்சில் கேட்டது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘அனிமேஷன் படத்துக்கு உயிர் தருவது ஓவியமா, ஒலியா?’ ஓவியமே என்று எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், அதற்கு ஓவியர்கள் விரல் தேய வரைகிறார்கள், ஒலி கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றார். அந்த உழைப்பை நானும் வணங்குகிறேன். ஆனால் ‘கடைசியில்’ என்றாரே, அங்கேதான் எனக்கு வழக்கு.

1928. மிக்கி மவுஸை வைத்து வால்ட் டிஸ்னி முதலில் எடுத்தது ‘பிளேன் கிரேஸி’ என்ற மௌனப் படம். வரைந்தவர் அப் ஐவர்க்ஸ், அசகாய சூரர். மே மாதம் போட்டுக் காட்டினார்கள். வாங்கி வெளியிட ஒருவரும் வரவில்லை. இரண்டாவது படத்துக்கும் அதே கதி. மூன்றாவது ‘ஸ்டீம்போட் வில்லி’. அதே எலி, அதே ஐவர்க்ஸின் கை. புதிதாகச் சேர்ந்தது ஒலி. நவம்பர் 18 அன்று நியூயார்க் காலனி தியேட்டரில் திரையிட்டதும் மிக்கி ஊரெல்லாம் பேச்சானான். விலைபோகாத முதல் இரண்டு படங்களும் அப்புறம் ஒலி சேர்த்துத்தான் வெளிவந்தன.

அந்தப் படத்தில் ஓர் ஆடு இசைத்தாளைத் தின்றுவிடும். மிக்கியின் தோழி மின்னி அதன் வாலைப் பிடித்துச் சுற்ற, ஆட்டின் வாயிலிருந்து பாட்டு கிளம்பும். மாட்டின் பற்களை மிக்கி சைலோஃபோன் என்ற தட்டு வாத்தியமாக்கித் தட்டுவான். இசையை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் மிச்சம் என்ன, நடுவர் அவர்களே? வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளைஞர் மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியை ஓடவிட்டு, ஒரு தாளத்துக்கு இத்தனை ஃபிரேம் என்று கணக்குப் போட்டார். மிக்கியின் கால் எந்த ஃபிரேமில் தரையைத் தொட வேண்டும் என்று தாளம் சொன்னது, பென்சில் கேட்டது.

பழைய கதை என்பார்கள். சரி, 1992க்கு வருவோம். ‘அலாதீன்’ படத்து ஜீனி என்ற பூதத்துக்காக நடிகர் ராபின் வில்லியம்ஸ் ஒலிப்பதிவு அறையில் மனம் போனபடி பேசித் தள்ளினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எரிக் கோல்ட்பர்க் ஜீனியை வரைந்தார்.

நிஜ நடிகர் நடந்தால் காலடிச் சத்தமாவது மைக்கில் விழும். காகிதம் நடந்தால் என்ன சத்தம் வரும்? ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து உண்டாக்க வேண்டும். 2008இல் வந்த ‘வால்-ஈ’யின் குப்பை அள்ளும் ரோபோவுக்கு வாயே கிடையாது. கையால் சுற்றும் ஜெனரேட்டரின் ஓசையை அதன் ஓட்டத்துக்கு வைத்தார் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். சுற்றும் வேகம் கூடக் கூட ஓசையும் ஏறும். ரோபோவின் அவசரம் காதிலேயே தெரியும். எதிரணி நண்பர்கள் அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தைச் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து வாதாடட்டும், பதில் சொல்ல நான் தயார். நன்றி, வணக்கம்.