நட்ட நாணல் தோட்டம் முழுக்கப் பரவுகிறது, என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்கள். "அண்ணாச்சி, தாமிரபரணிக் கரையில் நாணல் வெள்ளையாய்ப் பூத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, இரண்டு தூர் கொண்டுவந்து சுவர் ஓரம் நட்டேன். இரண்டு வருஷத்தில் ரோஜாப் பாத்திக்குள்ளே வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலும் முளைக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது. பூ எனக்கு வேண்டும், ஆனால் பரவக் கூடாது. வழி உண்டா?"

உண்டு, தங்கச்சி. ஆனால் வெட்டுவதை முதலில் நிறுத்துங்கள். நாணலின் உயிர் மேலே நிற்கும் தாளில் இல்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறார்களே, அந்த வேரோடுதல் இதுதான். அருகு மேலாகவும் ஓடும், கீழேயும் ஓடும். நாணல் கீழே ஓடுகிறது.

இதோ, நேற்று என் தோட்டத்தில் தோண்டி எடுத்தது. கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். கரும்பைச் சின்னதாக்கியது மாதிரி கணுக்கணுவாய் இருக்கிறதா? நாணலும் கரும்பும் ஒரே குடும்பம்தான், அதனால் இந்தச் சாயல். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு இருக்கிறது. நுனியைத் தொட்டால் ஊசி மாதிரி குத்தும். இந்த நுனிதான் உங்கள் சுவருக்கு அடியில் புகுந்து போயிருக்கிறது. ஒரு மொட்டோடு ஒரு துண்டு மண்ணில் கிடந்தால் போதும், அது புதுத் தூர் ஆகிவிடும்.

இது தெரியாமல் நான் ஒருமுறை பெரிய தப்புச் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் 4 சென்ட் இடத்தில் நாணல் மண்டியிருந்தது. டிராக்டரைக் கூப்பிட்டு ரோட்டாவேட்டர் விட்டேன். மண் மாவாய்க் கிடந்தது, மனசுக்கு நிறைவாய் இருந்தது. ஐப்பசி மழை விழுந்ததும் இடம் முழுக்க நாற்றங்கால் போட்டது போல் முளைத்துவிட்டது. நான் வேரை அழிக்கவில்லை, விதைக்கரணை வெட்டி நட்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதனால் நாணல், அருகு, தர்ப்பை, கோரை எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் ரோட்டாவேட்டர் வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்கு நல்ல காலம். தாளைப் பண்ணரிவாளால் ஒரு முழ உயரத்துக்கு அறுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தாளின் ஓரம் கையை அறுக்கும். முதல் நாள் சாயங்காலமே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு பாதியில் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். காலையில் பரவிய இடத்தின் வெளி ஓரத்தில் இருந்து கடப்பாரையால் நெம்பி, ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியிலேயே தூர் வரைக்கும் போங்கள். கிணற்றுக் கயிற்றை இழுப்பது மாதிரி, அவசரம் இல்லாமல். எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள், வாய்க்காலிலும் வீசாதீர்கள், அது போகிற வழியில் எங்கோ ஒருவர் வயலில் ஒதுங்கி முளைக்கும். மொட்டை மாடியில் பரப்பி, ஒடித்தால் 'டக்' என்று ஒடிகிற வரைக்கும் காயவிட்டு எரித்துவிடுங்கள்.

அதோடு முடியாது. எத்தனை கவனமாய் எடுத்தாலும் துண்டுகள் தங்கும். 15 நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்து, முளை மூன்று நான்கு இலை விடும்போதே கிழங்கோடு பறியுங்கள். உள்ளே சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்துத்தான் அது முளைக்கிறது. இலை வளர்ந்து திரும்பச் சத்தைக் கீழே அனுப்ப நாம் விடக் கூடாது. பக்கத்து வீட்டிலும் பேசி இதையே செய்யச் சொல்லுங்கள். அங்கே தாய்த்தூர் நின்றால் இங்கே வேலை தீராது. களைக்கொல்லி அடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ரோஜாவுக்கு நடுவில் முளைத்ததற்கு நான் சொல்ல மாட்டேன், அதுவும் ஆனி, ஆடிக் காற்றில். புல்லுக்கு அடித்தது வாழையில் விழும்.

பூ வேண்டும் என்கிறீர்களே, அதற்கு உறைக்கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை இரண்டு வாங்குங்கள். 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, சேரும் இடத்தைச் சிமென்ட் வைத்து இடைவெளி இல்லாமல் பூசுங்கள். அடி திறந்தே இருக்கட்டும், தண்ணீர் வடிய வேண்டும். மேல் விளிம்பு தரைக்கு மேல் 3 அங்குலம் தெரிய வேண்டும், இது முக்கியம். தரைமட்டமாய் வைத்தால் தண்டு அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். உள்ளே ஒரே ஒரு தூர் நடுங்கள். தொட்டியில் வைப்பதாக இருந்தால் செங்கல்மேல் வையுங்கள், மண்மேல் வைத்தால் அடி ஓட்டை வழியாக இறங்கிவிடும்.

இன்னொன்று. நிறையப் பேர் கோரை என்றதும் பயப்படுகிறார்கள். பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரை வேறு, பாத்தியில் தொல்லை செய்யும் கோரைக்கிழங்கு வேறு. அந்தக் கிழங்குக் கோரையின் பூந்தண்டை விரலுக்கு நடுவில் உருட்டினால் மூன்று பட்டையாய்த் தட்டுப்படும், நாணல் தண்டு உருண்டையாய் இருக்கும். கோரையை மேலே பிடித்து இழுத்தால் கிழங்கு உள்ளேயே நின்றுவிடும், களைக்கொத்தால் ஆழமாய்த் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

பரவாத புல்தான் வேண்டும் என்றால் சுவர் ஓரத்துக்கு வெட்டிவேர் வையுங்கள். வேர் நேராக ஆழத்துக்கு இறங்கும், பக்கத்தில் ஓடாது. எலுமிச்சைப்புல்லும் அப்படித்தான், நின்ற இடத்திலேயே தூர் பெருக்கும். இரண்டையும் பிரித்து நட்டால்தான் அடுத்த இடத்துக்குப் போகும்.

கடைசியாக அந்தப் பூவைப் பற்றி. கதிர் விரிந்து பஞ்சாகப் பறக்கிற வரைக்கும் விடாதீர்கள், விதை காற்றில் போய்விடும். பட்டு மாதிரி மினுங்கும்போதே அறுத்து, கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் தண்ணீர் இல்லாமலே ஜாடியில் வைக்கலாம்.