பழைய காருக்கு இன்னொரு காரின் கண்ணாடி

நேயர்களுக்கு வணக்கம். விரிசல் விட்ட முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உடைப்புக்கு வந்த வேறொரு வண்டியின் கண்ணாடியை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாமா என்று அம்பாசடர், பத்மினி போன்ற பழைய கார்களைப் பேணி வருவோர் கேட்பதுண்டு. பீடிங் எனப்படும், விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையில் உட்காரும் கண்ணாடி என்றால் தாராளமாகச் செய்யலாம். பசையால் ஒட்டப்பட்ட கண்ணாடி என்றால் வீட்டில் அந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய கார்களில் பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்படும் முன்கண்ணாடி, வண்டியின் உடற்கூட்டில் ஓர் உறுப்பாகவே இருக்கிறது. வண்டி கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் பல கார்களில் மேல்நோக்கி விரிந்து, அந்தக் கண்ணாடியில் முட்டிய பிறகே பயணியின் பக்கம் திரும்புகிறது. ஒட்டு பிடிக்காத கண்ணாடியை அதே ஏர்பேக் வெளியே தள்ளிவிடும். ஆகவே அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிட்டு, பீடிங் வண்டிகளுக்கு வருகிறேன்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களிலுள்ள காயலான் கடைகளில்தான் பலரும் அதன் பாகங்களைத் தேடுகிறார்கள். ஒரு வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்து, பயன்படக்கூடிய எதையும் வீணாக்காமல் எடுத்து வைக்கும் அந்தத் தொழிலாளர்களின் கைத்திறன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அங்கே கண்ணாடி வாங்கும்போது அது லேமினேட்டட் வகைதானா என்று முதலில் பாருங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழி ஏடு ஒன்றை வைத்து ஒட்டிய அந்த வகை, உடைந்தாலும் சிதறாமல் ஏட்டைப் பற்றிக்கொண்டு நிற்கும். விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு அடுக்குகளும் தெரியும். பழைய வண்டிகள் சிலவற்றில் டஃபன்டு எனப்படும் ஒற்றைத் தகட்டு வகை இருக்கக்கூடும்; அது உடைந்தால் ஒரு நொடியில் முழுவதும் சிறு சிறு துண்டுகளாகிப் பார்வையை மறைத்துவிடும் என்பதால் அதை வாங்காதீர்கள். ஓரங்களில் பால்போல் வெண்படலம் படர்ந்திருந்தால் ஏடு பிரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். கண்ணாடியைச் சாய்வெயிலுக்கு நேரே பிடித்து, வைப்பர் தேய்த்த கோடுகளையும் மணல் பட்ட புள்ளிகளையும் பாருங்கள். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன்கண்ணாடி 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒளியை உள்ளே விட வேண்டும். ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றமும் 2012-இல் தடை செய்தது.

கழற்றும் வேலை உங்கள் கண்முன் நடந்தால் இன்னும் நல்லது. அந்த வண்டியின் பீடிங் இனி யாருக்கும் பயன்படாது என்பதால், அதன் வெளி உதட்டைக் கத்தியால் அறுத்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி நெம்பலின்றி வெளியே வந்துவிடும். கண்ணாடிக்கு ஆபத்து பெரும்பாலும் அதன் விளிம்பிலிருந்தே வருகிறது. விளிம்பில் நெல்மணி அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும், என்றாவது ஒரு நாள் வெயிலில் அங்கிருந்து விரிசல் ஓடத் தொடங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பொருத்திவிடத்தான் மனம் பரபரக்கும். அதற்குமுன் உங்கள் வண்டியில் கண்ணாடி உட்காரும் தகட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பழைய கண்ணாடி கல்லடி எதுவும் படாமல் ஓரத்திலிருந்து விரிசல் விட்டிருந்தால், பீடிங்குக்கு அடியில் துரு பிடித்துப் புடைத்த தகடு கண்ணாடியை அழுத்தியதே காரணமாக இருக்கக்கூடும். அந்தத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. இதைத் தவிர்த்தால் புதிதாக வைக்கும் கண்ணாடிக்கும் அதே கதிதான். பீடிங்கை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்; இறுகிப்போன பழைய ரப்பர் தண்ணீரைத் தடுக்காது.

பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். பிறகு, பீடிங்கில் சட்டத்தைப் பற்றும் வரிப்பள்ளத்துக்குள், பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, வழுவழுப்பான நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, அதன் இரு முனைகளும் கீழ்ப்பகுதியின் நடுவில் ஒன்றையொன்று தாண்டி வண்டிக்குள் தொங்கும்படி விட வேண்டும். சட்டத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுத்துவிடும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் கண்ணாடியை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பகுதியை நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால், ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கம் மடிந்து உட்காரும். கீழ்ப்பக்கம் முடிந்து, இரு பக்கங்களும் ஏறி, கடைசியாக மேல்பக்கம் வர வேண்டும். எங்கேனும் சிக்கினால் தட்டாதீர்கள், குத்தாதீர்கள். கண்ணாடியை எடுத்துக் கயிற்றை மறுபடி பதித்துத் தொடங்குவதற்குச் சற்று நேரம்தான் ஆகும். அவசரத்தில் விடும் ஓர் அடிக்குக் கண்ணாடியையே விலையாகக் கொடுக்க நேரும்.

உட்கார்ந்த பிறகு வெளி உதட்டைச் சற்றே தூக்கி, அதன் அடியில் கசிவை அடைக்கும் சீலன்ட் பசையை விட்டு, அது காய்ந்ததும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குழாயைக் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோனால்தான் கசிவு எந்த இடத்தில் என்று தெரியும். எடுத்த எடுப்பில் மேலே பீய்ச்சினால் நீர் எங்கெங்கோ ஓடி, வேறோர் இடத்தில் சொட்டிக் குழப்பும். உள்ளே ஈரம் கண்டால், கார்ப்பெட்டை எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சீலன்ட்டை மறுபடி விடுங்கள். நன்றி, வணக்கம்.